கோணல் யார் முதுகில்?

சென்ற தை மாதம் எங்கள் பகுதியில், ஒரு திருமண மண்டபத்தில், கிறித்தவத் தமிழ் பற்றிய கூட்டமொன்று நடந்தது. தேம்பாவணி பற்றி அரைமணி நேரம் பேசும்படி என்னையும் அழைத்திருந்தார்கள். பேசி முடித்து, மூன்றாம் வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டேன். எனக்குப் பின் பேசியவர் வெளியூர்க்காரர். கிரேக்கம் முறையாகக் கற்றவர். கேட்பவரைக் கட்டிப்போடும் குரல் உடையவர். பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு தலைமுறையைக் குறித்து வரும் இரண்டு அடைமொழிகளை அவர் தம் பொருளாக எடுத்துக்கொண்டார். நம் வேதாகமத்தில் ‘கோணல்’ என்றும் ‘மாறுபாடு’ என்றும் பெயர்க்கப்பட்டிருப்பவை. மூலத்தில் முதலாவது ‘ஸ்கோலியோஸ்’. இரண்டாவது ‘டியாஸ்ட்ரெஃபோ’ என்னும் வினையிலிருந்து பிறந்த எச்சம்.

சொற்பொழிவு நன்றாகத்தான் தொடங்கியது. பிறகு அவர், மருத்துவர்கள் முதுகெலும்பு வளைவுக்கு வைத்திருக்கும் ‘ஸ்கோலியோசிஸ்’ என்ற பெயரும் இதே சொல்தான் என்றார். ஆன்மாவின் முதுகெலும்பு வளைந்திருப்பதே பாவம் என்றார். வளைந்த முதுகோடு ஒருவர் நடந்துவருவது எப்படி இருக்கும் என்று மேடையில் நான்கு அடி நடந்தும் காட்டினார். மண்டபம் சிரித்தது. அதன்பின் இக்காலத்துக் கோணல் தலைமுறை யார் யார் என்று பட்டியல் வந்தது: பெற்றோர் சொல் கேளாமல் மணம் புரிபவர்கள், விடியற்காலையில் கம்பெனிப் பேருந்தேறி இரவில் வீடு திரும்பும் பெண்கள், கைபேசியைக் கீழே வைக்காத இளைஞர்கள், உடுப்பில் ஆண் பெண் வேறுபாடு கலைத்தவர்கள். இறுதியாக, இப்படியொரு நுட்பமான அறச்சொல் தமிழில் கிடையாது, ஆகவே மொழிபெயர்ப்பாளர் ‘கோணல்’ என்ற நாட்டுப்புறச் சொல்லோடு திருப்தியடைய நேர்ந்தது என்று எங்களுக்காக வருத்தமும் தெரிவித்துவிட்டு அமர்ந்தார். முன்வரிசையிலிருந்த தொழிலதிபர் ஒருவர் எழுந்து பொன்னாடை போர்த்தினார்.

வெளியே வந்தபோது வாசலில் என் பழைய மாணவி ஒருத்தி நின்றிருந்தாள். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்பவள். சிறுவயதிலிருந்தே அவள் முதுகெலும்பு வலப்புறமாக வளைந்தது. “ஐயா, என் எக்ஸ்ரே கவர்மேல எழுதியிருக்கிற பேரைத்தானே அவர் சொன்னாரு?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவள் பேருந்துக்குப் போய்விட்டாள். இக்கட்டுரை அவளுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். அந்தப் பேச்சாளருக்கான மறுப்பும் இதுவே.

நான் கிறித்தவன் அல்லன், இறையியலாளனும் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒப்பிலக்கியத் தாளொன்றைப் பாடம் நடத்த நேர்ந்த காலத்தில் கிரேக்க எழுத்துகளைக் கற்றேன். வரிக்குவரி பொருள் தரும் பதிப்பும் அகராதியும் பக்கத்தில் இருந்தால் மெல்ல மெல்லப் படித்துவிடுவேன். நான் சொல்லப்போகும் எதற்கும் அதைவிடப் பெரிய புலமை தேவையில்லை. பேச்சாளரிடம் என்னைவிடப் பலமடங்கு கிரேக்கம் இருந்தது. அந்தக் கிரேக்கத்தைக் கொண்டு அவர் செய்த காரியத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஸ்கோலியோசிஸ் என்னும் பெயரும் ஸ்கோலியோஸ் என்னும் சொல்லும் ஒரே அடியில் பிறந்தவை என்பது உண்மை. ஆனால் ஒரு சொல்லின் வேர் அதன் பொருள் ஆகிவிடாது. ஜேம்ஸ் பார் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் வேதாகமச் சொற்பொருளியல் குறித்து 1961இல் வெளியிட்ட நூல் முழுதும் இந்த ஒரு மயக்கத்தைத்தான் அடித்து நொறுக்கியது. சொல்லின் பொருளை அது ஆளப்படும் வாக்கியத்தில் தேட வேண்டும். அகழ்ந்தெடுத்த வேரை மேடையில் ஆட்டிக் காட்டிப் பொருள் சொல்லக்கூடாது. தமிழ் மாணவனுக்கு இது புதிய செய்தியன்று. ‘நாற்றம்’ என்றால் பழந்தமிழில் மணம். இன்று அதைச் சொன்னால் மூக்கைப் பிடிப்பார்கள். வேரைக் காட்டி, சங்கப் புலவர்கள் துர்நாற்றத்தை வியந்தார்கள் என்று யாரேனும் பேசினால் என்ன சொல்வோமோ அதைத்தான் இங்கும் சொல்ல வேண்டும்.

(ஓர் இடைச்செருகல். எங்கள் ஊரை ‘நாட்றம்பள்ளி’ என்று எழுதுகிறோம். டகர மெய்யின் பின் றகரம் வருவதைத் தொல்காப்பியர் அனுமதிக்கமாட்டார். ‘நாட்டறம்பள்ளி’ என்று எழுதி அதை நிமிர்த்தப் பார்ப்பவர்களும் உண்டு. பேருந்துப் பலகைகள் அவர்களைப் பொருட்படுத்துவதில்லை. எழுத்திலேயே கோணலோடு வாழ்கிற ஊர்க்காரன் என்ற தகுதியிலும் இதை எழுதுகிறேன்.)

சரி, வாக்கியங்களுக்கு வருவோம். புதிய ஏற்பாட்டில் ஸ்கோலியோஸ் நான்கே இடங்களில் வருகிறது. லூக்கா மூன்றாம் அதிகாரத்தில், ஏசாயாவை எடுத்துரைக்கும்போது, செவ்வையாக்கப்பட வேண்டிய பாதைகளைக் குறித்து ஒருமுறை. அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில், எருசலேம் கூட்டத்தாரிடம் பேதுரு பேசும்போது, ஒரு தலைமுறையைக் குறித்து ஒருமுறை. பிலிப்பியரில் ஒருமுறை. நான்காவது இடத்துக்குப் பிறகு வருகிறேன்; பேச்சாளர் விட்டுவிட்ட இடம் அது. இந்த நான்கில் ஒன்றுகூட மனித உடலைக் குறிப்பதன்று. பதினெட்டு ஆண்டுகள் நிமிர முடியாமல் கூனியிருந்த பெண் ஒருத்தியின் கதையை லூக்கா தம் பதின்மூன்றாம் அதிகாரத்தில் சொல்கிறாரே, ஸ்கோலியோஸ் என்ற சொல்லை அறிந்தவர்தாமே அவர், அங்கே அதைப் பயன்படுத்தினாரா? இல்லை. குனிந்திருத்தலைக் குறிக்கும் வேறொரு வினையைத் தேர்ந்தார். வளைந்த முதுகையும் வளைந்த அறத்தையும் ஒரே சொல்லால் சுட்டும் வாய்ப்பு அவர் கையிலிருந்தும் அதை அவர் எடுக்கவில்லை. இருபது நூற்றாண்டு கழித்து எங்கள் பேச்சாளர் எடுத்துக்கொண்டார்.

வேலூர் மாவட்டமாக இருந்து 2019இல் பிரிந்த எங்கள் பகுதியில் நின்றுகொண்டு இதைச் செய்தது இன்னும் மோசம். 1940களின் இறுதியில் இதே வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். கோணிய விரல் கோணிய ஆன்மாவின் அடையாளம் என்று பல நூற்றாண்டுகளாக நம்பியிருந்தவர்களுக்கு, அது நரம்பு செத்ததால் வந்த முடக்கம் என்று கைகளைக்கொண்டே காட்டிய ஊர் இது. அவரும் அதே வேதாகமத்தைப் படித்தவர்தாம்.

இனி அந்த நான்காவது இடம். பேதுருவின் பெயரால் வழங்கும் முதல் நிருபம், இரண்டாம் அதிகாரம், பதினெட்டாம் வசனம். வீட்டடிமைகளை நோக்கிப் பேசுகிறது அது. எஜமானர்களுக்குப் பணிந்திருங்கள், நல்லவர்களும் இணக்கமானவர்களுமாகிய எஜமானர்களுக்கு மட்டுமன்று, இன்னொரு வகை எஜமானர்களுக்கும் பணிந்திருங்கள் என்பது அதன் கருத்து. அந்த இன்னொரு வகையினரைக் கிரேக்க மூலம் எந்தச் சொல்லால் குறிக்கிறது? ஸ்கோலியோஸ். கோணலான எஜமானர்கள்.

இதை நம் பழைய திருப்புதலில் தேடிப் பாருங்கள். ‘கோணல்’ அங்கே இல்லை. எஜமானர்கள் ‘முரட்டுக்குணம்’ உள்ளவர்களாகியிருக்கிறார்கள்.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும். முரடு என்பது சுபாவம். கோணல் என்பது நேர்மையின்மை. முரட்டு எஜமான் கத்துவான். கோணல் எஜமான் கணக்கைத் திரிப்பான், கூலியைப் பிடிப்பான், செய்யாத தவற்றுக்கு அடிப்பான். எங்கள் ஊர்களில் முதலாளியை மன்னிக்க எப்போதும் பயன்படும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘ஆள் கொஞ்சம் முரடு, மனசு தங்கம்.’ கோணல் என்ற சொல்லுக்கு இந்த மன்னிப்பு ஒட்டாது. ‘ஆள் கொஞ்சம் கோணல், மனசு தங்கம்’ என்று யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

இதற்கு மறுமொழி உண்டு என்பதை அறிவேன். ஒரு மூலச்சொல்லை எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச்சொல்லால் பெயர்க்க வேண்டும் என்பது குழந்தைத்தனமான எதிர்பார்ப்பு. சூழலுக்கேற்ப மாறத்தான் செய்யும். இணக்கமானவர் என்பதற்கு எதிர்நிலையில் வருவதால் கடுமையானவர் என்பது பொருந்தும். அகராதிகளும் அவ்விடத்துக்குக் ‘கடுமை’யைத் தருகின்றனவே என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். அகராதிகள் கடுமையோடு அநீதியையும் சேர்த்தே தருகின்றன. ஏன் தருகின்றன என்பதற்கு விடை அடுத்த வசனத்திலேயே இருக்கிறது. அந்த அடிமை படும் துன்பம் ‘அநியாயமாய்’ வருவது என்று அங்கே எழுதியிருக்கிறது. அதற்கும் அடுத்ததில் அடி வாங்குவது வருகிறது. ஆகச் சூழலே அநீதியைத்தான் பேசுகிறது. சூழலைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அதன் முழு வாக்குமூலத்தையும் கேட்க வேண்டும்.

பழியை நம் மொழிபெயர்ப்பாளர்மீது மட்டும் சுமத்துவதும் நியாயமன்று. 1611இன் ஆங்கில வேதாகமத்தைப் பார்த்தேன். பிலிப்பியரில் ‘க்ரூக்கட்’ என்று பளிச்சென எழுதியவர்கள், எஜமானர்கள் வந்ததும் ‘ஃப்ரோவர்ட்’ என்று இறங்கிவிடுகிறார்கள். எஜமானுக்கு முன் குரல் தாழ்வது எல்லா மொழிக்கும் பொதுவான பழக்கம் போலிருக்கிறது. 1871இல் முழுமையாக வெளிவந்த நம் திருப்புதலுக்குத் தலைமை வகித்த ஹென்றி பவர் தமிழறியாதவரும் அல்லர். சீவகசிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை உரையோடு பதிப்பித்தவர் அவர். கோணலுக்கும் முரட்டுத்தனத்துக்கும் வேறுபாடு தெரியாமல் எழுதியிருக்கமாட்டார். சதி என்று நான் சொல்லவில்லை. எந்தச் சொல் எந்த ஆளுக்குப் பொருத்தமாய்க் காதில் ஒலிக்கிறது என்பதைக் காலமும் வர்க்கமும் முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகின்றன. மொழிபெயர்ப்பாளன் கேட்டதை எழுதுகிறான்.

அந்த வசனத்தின் கட்டளை எனக்கு உவப்பானதன்று. கோணல் எஜமானுக்கும் பணி என்பதை நான் எந்தத் தொழிலாளிக்கும் சொல்லமாட்டேன். ஆனால் கட்டளையிட்டவன்கூட எஜமானைக் கோணல் என்று பெயரிட்டுத்தான் கட்டளையிட்டான். அந்தப் பெயரையும் எடுத்துவிட்டுப் பணிவை மட்டும் மிச்சம் வைப்பது எப்படி? இந்த நிருபத்துக்குப் பெயர் கொடுத்த பேதுரு, யோப்பா பட்டணத்தில் தோல் பதனிடும் சீமோன் என்பவனுடைய வீட்டில்தான் பலநாள் தங்கியிருந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. ஊருக்கு வெளியே, கடலோரத்தில், நாற்றத்துக்குப் பக்கத்தில். (இந்த நாற்றம் இக்காலப் பொருளில்.) தோல் வேலை செய்பவனின் வீட்டுச் சோறு தின்றவர் பெயரால் வந்த வசனம் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் வாசிக்கப்படும்போது எஜமானின் கோணல் முரட்டுத்தனமாகச் சுருங்கிப்போயிருப்பது எனக்குச் சிறிய விஷயமாகத் தோன்றவில்லை.

இச்சொல்லைப் பெரியவர்கள்மீது எறிவது கிறித்தவம் கண்டுபிடித்த வழக்கமும் அன்று. கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஹெசியோட் என்னும் உழவர் கவிஞர், ‘வேலைகளும் நாட்களும்’ என்ற தம் பாடலில், கையூட்டு விழுங்கும் சிற்றரசர்கள் வழங்கும் தீர்ப்புகளை ஸ்கோலியோஸ் என்கிறார். சொத்துத் தகராறில் தம்பிக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கக்கூடியவர்கள் மீதான கோபம் அது. கிரேக்க இலக்கியத்தில் அறம் சார்ந்த கோணல் முதன்முதலாக நம் கண்ணில் படும் இடங்களில் அது நீதிபதியின் வாயில் இருக்கிறது. கம்பெனிப் பேருந்தில் ஏறும் பெண்ணின் முதுகில் இல்லை.

இரண்டாவது சொல்லான டியாஸ்ட்ரெஃபோ இன்னும் சுவையானது. முறுக்குதல், திரித்தல், உருவம் குலையச் செய்தல் என்பது அதன் அடிப்படை. மரம் காய்ந்து முறுக்கிக்கொள்வதற்கு அரிஸ்டாட்டில் இதைப் பயன்படுத்துகிறார். அதைத் தச்சர்கள் எதிர்ப்பக்கம் இழுத்து நிமிர்த்துவார்கள் என்றும் சொல்கிறார். ஈரத்தோலை இழுத்துக் கட்டிக் காயவைக்காவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இந்தச் சொல்லின் பொருளை விளக்கிவிடுவார்கள். கிறித்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளைச் சேர்ந்த, ‘இரண்டாம் கிளெமெந்து’ என்று வழங்கும் சொற்பொழிவு ஒன்றில், குயவன் கையிலேயே மண்பாண்டம் கோணிக்கொள்வதற்கு இச்சொல் வருகிறது. சூளைக்குப் போகும்வரை அதைத் திரும்பவும் வனைந்துவிடலாம் என்பது அங்கே கருத்து. ஸ்தோயிக்கர்களோ இதை ஒரு கோட்பாடாகவே ஆக்கினார்கள். மனிதன் கோணலாகப் பிறப்பதில்லை; வெளிப்பொருள்களின் கவர்ச்சியும் உடனிருப்போர் கற்பித்தலும் சேர்ந்துதான் அவனைத் திரிக்கின்றன என்பது அவர்கள் வாதம். எங்கும் கவனியுங்கள், இந்த வினைக்கு எழுவாய் ஒன்று உண்டு. ஏதோ ஒன்று, யாரோ ஒருவர், திரிக்கிறார்கள். திரிக்கப்பட்டவரை மட்டும் காட்டிவிட்டுத் திரித்தவரைப் பற்றி வாய் திறக்காத பேச்சு, இந்த வினையின் இலக்கணத்துக்கே விரோதமானது.

யார் திரிக்கிறார்கள் என்பதைப் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பு தயங்காமல் சொல்கிறது. யாத்திராகமம் இருபத்து மூன்றில், எளியவனுடைய வழக்கில் நியாயத்தைத் திரிக்காதே என்னும் இடத்தில் இதே வினை. மீகா மூன்றில், நேரானவற்றையெல்லாம் கோணலாக்கும் தலைவர்களைச் சாடும் இடத்தில் இதே வினை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆகாப் அரசனும் எலியா தீர்க்கதரிசியும் சந்திக்கும் காட்சி. இஸ்ரவேலைத் திரிப்பவன் நீயல்லவா என்று அரசன் கேட்கிறான். நானல்ல, நீயும் உன் தகப்பன் வீட்டாருமே என்று எலியா திருப்பிக் கொடுக்கிறார். கிரேக்கத்தில் அரசன் எறிந்ததும் தீர்க்கதரிசி மறுத்துத் திருப்பியதும் டியாஸ்ட்ரெஃபோதான். ஒரே சொல்லைப் பந்துபோல் இருவரும் எறிந்துகொள்கிறார்கள். யார் கையிலிருந்து யார்மீது விழுகிறது என்பதே வழக்கு.

இதைத் தெரிந்துகொண்டு புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் ஒன்று விளங்கும். அங்கே இவ்வினை ஏழுமுறை வருகிறது. மத்தேயு பதினேழிலும் லூக்கா ஒன்பதிலும் இயேசு தம் தலைமுறையை இச்சொல்லால் கடிகிறார்; நம் தமிழில் ‘மாறுபாடான’. லூக்கா இருபத்து மூன்றில், பிலாத்துவின் முன் இயேசுவை நிறுத்திக் குற்றஞ்சாட்டும் பெரியவர்கள், இவன் நம் ஜனத்தைத் திரிக்கிறான் என்று அதே சொல்லால் அவரையே கடிகிறார்கள். நம் தமிழில் ‘கலகப்படுத்த’. அப்போஸ்தலர் பதின்மூன்றில் எலிமா என்னும் மாயவித்தைக்காரன் தேசாதிபதியைத் ‘திருப்ப’ப் பார்க்கிறான், பவுல் அவனைப் பார்த்து, வழிகளைப் ‘புரட்டுகிற’வனே என்கிறார். கிரேக்கம் வாசிப்பவனுக்கு ஆகாபின் குரல் பிலாத்துவின் முற்றத்தில் மறுபடி கேட்கும். தமிழ் வாசிப்பவனுக்குக் கேட்காது. நான்கு தமிழ்ச் சொற்களாகப் பிரிந்துபோனதால், இயேசுவும் ஒருநாள் ‘மாறுபாட்டுக்காரர்’ என்ற குற்றத்தோடுதான் நிறுத்தப்பட்டார் என்பது மறைந்துபோகிறது. பெற்றோர் சொல் கேளாதவர், ஊர் ஊராய்த் திரிந்தவர், தகாதவர்களோடு உண்டவர். மண்டபத்தில் வாசிக்கப்பட்ட பட்டியலில் அவரைச் சேர்க்க எத்தனை வரி தேவைப்பட்டிருக்கும்?

பிலிப்பியர் வசனத்தையே எடுத்துக்கொண்டாலும் பேச்சாளரின் வாசிப்பு நிற்காது. அந்த இணைச்சொற்கள் பவுலின் சொந்தச் சரக்கன்று. உபாகமம் முப்பத்திரண்டில் வரும் மோசேயின் பாட்டிலிருந்து கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியாக அப்படியே எடுக்கப்பட்டவை. எபிரேயத்தில் இரண்டாவது சொல், நூலை முறுக்குவதைக் குறிக்கும் அடியில் பிறந்தது. அந்தப் பாட்டில் கோணல் தலைமுறை யார்? அயலார் அல்லர். தம் சொந்த ஜனத்தைத்தான் மோசே அப்படி அழைக்கிறார். பவுல் அதை வெளியே திருப்பினார். அவருக்குப் பின் வந்தவர்கள் ‘நாங்கள் அல்ல, அவர்கள்’ என்று திருப்பிக்கொண்டே போகிறார்கள். உபாகமத்தில் பழைய திருப்புதல் ‘தாறுமாறு’ என்று வேறு சொல் இட்டுவிட்டதால் இந்த உறவும் தமிழில் தெரிவதில்லை. 1995இன் திருவிவிலியம் ‘நெறிகெட்ட’, ‘சீரழிந்த’ என்று எழுதியபோது வளைவு என்னும் படிமமே போய்விட்டது. அது எளிமையான தமிழ்தான். ஆனால் கோணல் எவ்வளவு நல்ல சொல்!

ஏனெனில் தமிழில் இதற்கு நிகர் இல்லை என்ற அந்த அனுதாபம் இருக்கிறதே, அதுதான் தமிழ் வாத்தியாரான என்னை நாற்காலியில் நெளியவைத்தது. ‘கொடுமை’ என்ற சொல்லே வளைவு என்னும் பொருளுடையது. கொடுங்கோல் என்றால் வளைந்த கோல். செங்கோல் என்றால் நிமிர்ந்த கோல். திருக்குறளில் இரண்டும் அடுத்தடுத்த அதிகாரங்கள். இரண்டும் அரசனைப் பற்றியவை. நடுவுநிலைமை அதிகாரத்தில் ‘கோடாமை’ வருகிறது. சொல்லில் உள்ள கோட்டம், உள்ளத்தில் உள்ள கோட்டம் என்று பகுத்தும் பேசுகிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் இறந்ததைக் கேள்வியுற்ற செங்குட்டுவன், வளைந்துவிட்ட கோலை அவன் தன் உயிரைக் கொடுத்து நிமிர்த்தினான் என்னும் கருத்தில் பேசுகிறான். அறத்தின் வளைவைப் பேச எங்களுக்குச் சொல் இல்லையாம்! (கோணல், ஸ்கோலியோஸ் என்று ஒலி ஒப்புமை காட்டிக் கிரேக்கமும் தமிழில் பிறந்ததென்று நிறுவப் புறப்படும் அன்பர்கள் தயவுசெய்து இங்கேயே நின்றுவிடவும். நேர் என்றால் நல்லது, வளைவு என்றால் கெட்டது என்பது பல மொழிகளும் தனித்தனியே கண்ட உருவகம்.)

அதைவிட முக்கியமானது, வள்ளுவர் இந்த உருவகத்தின் ஆபத்தையும் உணர்ந்திருந்தார் என்பது. கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில், அம்பு நேரானது, செயலோ கொடியது. யாழின் கழுத்து வளைந்தது, செயலோ செவ்வியது. ஆகவே மனிதரையும் உருவத்தால் அளக்காதே என்கிறார். நேரானதைக் ‘கொடிது’ என்றும் வளைந்ததைச் ‘செவ்விது’ என்றும் சொல்லித் தம் மொழியின் உருவகத்தையே தலைகீழாக்குகிறார். மேடையில் முதுகை வளைத்து நடந்து காட்டியவருக்கு ஈராயிரம் ஆண்டுக்குச் சற்றேறக்குறைய முன்பே எழுதிவைக்கப்பட்ட விடை இது.

எங்கள் தரப்பும் மாசற்றதன்று. நேர் என்றால் உயர்ந்தது, வளைவு என்றால் தாழ்ந்தது என்ற அதே அளவுகோலைக்கொண்டுதான் புலவர்கள் தங்கள் தமிழைச் செந்தமிழ் என்றார்கள், மக்கள் பேசியதைக் கொடுந்தமிழ் என்றார்கள். அந்தக் கோணல் தமிழுக்கு, 1738இல் தரங்கம்பாடியில் அச்சான இலக்கணத்தை எழுதியவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். அன்று அதே மேடையில் அவருடைய தேம்பாவணியை நான் புகழ்ந்தேன்; கொடுந்தமிழ் இலக்கணத்தைக் குறிப்பிட மறந்தேன். என் கல்லூரிப் பேராசிரியர்களில் ஒருவர், வடாற்காட்டுப் பேச்சை வகுப்பில் பேசிக்காட்டிச் சிரிக்கவைப்பதுண்டு. மேடையில் நடந்துகாட்டியவருக்கும் அவருக்கும் தூரம் அதிகமில்லை. அப்போது நானும் சிரித்தவன்.

கோணலைக் காணவேண்டும் என்று விரும்பினால் எங்கள் பகுதியில் தேடி அலைய வேண்டியதில்லை. பாலாற்றில் கலந்த தோல் கழிவுநீர் குறித்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கை இந்நாட்டின் சட்டத்தில் அடங்கியது என்று தீர்ப்பளித்தது. சூழலியல் சட்டம் படிப்போர் எவரும் அந்தத் தீர்ப்பைப் படிக்காமல் தேர்வெழுத முடியாது. பிறகு 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டைக் கொடுத்து, அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்கும்படி மறுபடியும் சொல்ல நேர்ந்தது. இடையில் ஏறத்தாழ இருபத்தெட்டரை ஆண்டு. நேரான ஒரு தீர்ப்பு நடைமுறைக்கு வரும் வழியில் எங்கெங்கே வளைந்தது என்று ஆராய்வது ஸ்கோலியோஸ் பற்றிய நல்ல ஆய்வாக இருக்கும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சேறு தேக்கிவைத்த தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இந்தச் சொல் விழவேண்டிய இடங்கள் இவை. அன்று மண்டபத்தில் இவற்றில் ஒன்றையும் யாரும் குறிப்பிடவில்லை. பொன்னாடை நல்ல பட்டு.

பேச்சாளர் தீய எண்ணம் கொண்டவர் என்று நான் கருதவில்லை. அவரோடு தேநீர் அருந்தினேன், இனிமையானவர், என் பேச்சைப் பாராட்டவும் செய்தார். மேடையில் நகைச்சுவைக்கு ஓர் உவமை தேவைப்பட்டது, வளைந்த முதுகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, எடுத்துக்கொண்டார். பட்டியலுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள், எதிர்த்துப் பேசாதவர்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். ஆனால் அத்தனை கிரேக்கம் கற்றவருக்கு 1 பேதுரு 2:18 தெரியாதிருக்க வாய்ப்பில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத நேர்ந்தது. தெரியாதவரிடம் விளக்கியிருப்பேன், தெரிந்தவரிடம் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது: நான்கு இடங்களில் மூன்றைச் சொன்னீர்கள், நான்காவது ஏன் தொண்டையில் நின்றது?

அந்த மாணவியைச் சித்திரை மாதம் வாணியம்பாடிப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். மேலே எழுதியதில் பாதியை நின்றவாக்கிலேயே சொன்னேன். ஸ்கோலியோஸ் என்ற சொல் அந்தப் புத்தகத்தில் ஒரு முதுகைக்கூடக் குறிக்கவில்லை, ஆனால் ஓர் இடத்தில் எஜமானர்களைக் குறிக்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை. “எந்த வசனம்னு எழுதிக் குடுங்க ஐயா” என்றாள். பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் அதிகாரமும் வசன எண்ணும் எழுதிக் கொடுத்தேன்.